ரெஸ்பிரேட்டர் அணியக் கற்றுக்கொடுப்பது எப்படி: பணியிடப் பயிற்சியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

தூசியும் புகையும் உள்ள பணியிடங்களில் ரெஸ்பிரேட்டர் (மூச்சுக்காற்றை வடிகட்டும் முகக் கவசம்) பயிற்சி என்ற பெயரில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: வேலை தொடங்குமுன் எல்லோரையும் நிற்க வைத்து, பெட்டியிலிருந்து ஆளுக்கொன்றை எடுத்துக் கொடுத்து, கட்டாயம் அணிய வேண்டும் என்று சொல்லிவிட்டு, பதிவேட்டில் கையொப்பம் வாங்கிக்கொள்கிறார்கள். ஆய்வுக்கு வருபவருக்குக் காட்ட அந்தப் பதிவேடு உதவலாம். தொழிலாளியின் நுரையீரலுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. காற்று எப்போதும் எளிய வழியையே தேடும். கவசத்தின் ஓரத்துக்கும் கன்னத்துக்கும் இடையே ஒரு சிறு சந்து இருந்தால்கூட, மூச்சை இழுக்கும்போது வடிகட்டியை ஊடுருவி வருவதைவிட அந்தச் சந்து வழியாக நுழைவது அதற்குச் சுலபம். ஆகவே, வகுப்பு முடிந்து வெளியேறும் ஒவ்வொருவரும் தம் முகத்தில் எங்கே காற்று கசிகிறது என்பதைத் தாமே உணர்ந்து சரிசெய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்பதையே இந்தப் பயிற்சியின் இலக்காகக் கொள்ளலாம். அதற்குச் சொற்பொழிவு போதாது. கவசத்தைக் கையில் எடுத்துப் பலமுறை போட்டுக் கழற்றிப் பழக வேண்டும்.

வகுப்புக்கு முன் செய்ய வேண்டியவை

பணியிடக் காற்றில் என்ன கலந்திருக்கிறது, எந்த வடிவில் கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் பயிற்சியாளர் வகுப்பறைக்குள் நுழையக் கூடாது. கல் அறுக்கும் இடத்தில் சிலிக்கா தூசி, வெல்டிங் செய்யும் இடத்தில் உலோகப் புகை, பெயின்ட் தெளிக்கும் இடத்தில் நுண்துளிகளோடு சேர்ந்த கரைப்பான் ஆவி என ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் கவசம் வேறு. பொருளோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாளும், காற்றின் அளவீட்டு அறிக்கையும் கையில் இருக்கட்டும்.

'இங்கே தூசியே தெரியவில்லையே' என்று தொழிலாளர்கள் சொல்வது வழக்கம். அவர்களுக்கு இதை விளக்குங்கள்: ஒரு தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), நுரையீரலின் அடி வரை இறங்கும் தூசியோ 10 மைக்ரானைவிடச் சிறியது. கண்ணில் படும் பெரிய துகள்களைப் பெரும்பாலும் மூக்கும் தொண்டையும் தடுத்துவிடுகின்றன. கண்ணில் படாதவைதான் ஆழத்துக்குப் போய்ப் படிகின்றன.

தண்ணீர் பாய்ச்சி அறுப்பதாலோ, தூசி எழும் இடத்திலேயே உறிஞ்சும் குழாயைப் பொருத்துவதாலோ தீரக்கூடிய சிக்கலுக்கு ரெஸ்பிரேட்டரை விடையாக்கக் கூடாது. அது கடைசி அரண். நிர்வாகம் முதல் இரண்டையும் செய்யாமல் மூன்றாவதை மட்டும் கேட்கிறது என்றால், அதை எடுத்துச் சொல்லும் கடமை பயிற்சியாளருக்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

வடிகட்டி வகைக் கவசம் காற்றைச் சுத்தம் செய்யும், ஆக்சிஜனை உண்டாக்காது. இயல்பான காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம் இருக்கிறது, 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த இடம் ஆக்சிஜன் குறைந்த இடமாகக் கருதப்படுகிறது. தொட்டி, கிணறு, கழிவுநீர்க் குழி போன்ற அடைபட்ட இடங்களில் இத்தகைய கவசத்தை நம்பி இறங்கியவர்கள் உயிரோடு திரும்பாமல் போயிருக்கிறார்கள். அவர்களைக் காப்பாற்ற அடுத்தடுத்துக் குதித்தவர்களும் மாண்டிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடையும் சாதாரண கார்ட்ரிட்ஜ் (கவசத்தில் பொருத்தும் வடிகட்டிக் குப்பி) பிடித்து வைப்பதில்லை. இந்தச் சூழல்களுக்கு வெளியிலிருந்து காற்றைக் கொண்டுவரும் கருவியும் அதற்கெனத் தனிப் பயிற்சியும் வேண்டும். இந்த வழிகாட்டி அதைப் பற்றியது அன்று என்பதை உங்கள் வகுப்பிலும் முதல் ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

மருத்துவப் பரிசோதனையையும் முன்பே முடித்துக்கொள்ள வேண்டும். கவசத்தை அணிந்தால் ஒவ்வொரு மூச்சுக்கும் கூடுதல் உழைப்பு தேவைப்படுகிறது. ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்களுக்கும், முகம் மூடப்பட்டால் பதற்றம் அடைபவர்களுக்கும் அது தாங்காமல் போகலாம். இதைப் பலர் முன்னிலையில் கேட்டால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வழி இருக்க வேண்டும். அணிய முடியாது என்று சொல்வதால் வேலை போகாது என்ற உறுதியும் இருக்க வேண்டும்.

எதற்கு எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்

தொழிலாளருக்குத் தரக் குறியீடுகளின் முழு வரலாறும் தேவையில்லை. தாம் அணியும் கவசத்தின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துப் புரிந்துகொண்டால் போதும். என்95 என்றால் எண்ணெய் கலக்காத துகள்களில், வடிகட்டுவதற்கு மிகக் கடினமான ஏறத்தாழ 0.3 மைக்ரான் அளவிலும் குறைந்தது 95 சதவீதத்தைத் தடுக்கும் என்று பொருள். ஐரோப்பியத் தரத்தில் எஃப்எஃப்பி2 என்பது 94 சதவீதத்தையும், எஃப்எஃப்பி3 என்பது 99 சதவீதத்தையும் குறிக்கும். எண்ணெய்த் துளிகள் மிதக்கும் இடத்தில் அமெரிக்க முறைப்படியான என் வகை உதவாது. அங்கே ஆர் அல்லது பி வகை வேண்டும்.

வடிகட்டி என்பது சல்லடை என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான தூசிக் கவசங்களின் இழைகளில் நிலைமின்னேற்றம் இருக்கிறது. துகள்களை அது இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. இதை விளக்கிவிட்டால், ஒருமுறை அணியும் கவசத்தைச் சோப்புப் போட்டுத் துவைப்பதும் ஆல்கஹால் தெளிப்பதும் ஏன் தவறு என்பதை நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நிறக் குறியீட்டில் மட்டும் சற்று நேரம் நில்லுங்கள், ஏனெனில் இதில் ஓர் உண்மையான பொறி இருக்கிறது. அமெரிக்க முறையில் கறுப்பு நிறம் கரிம ஆவிக்கும், வெள்ளை அமில வாயுவுக்கும், மஞ்சள் இரண்டுக்கும் சேர்த்தும், பச்சை அம்மோனியாவுக்கும் உரியவை. ஐரோப்பிய முறையிலோ பழுப்பு கரிம ஆவிக்கும், சாம்பல் குளோரின் போன்ற கனிம வாயுக்களுக்கும், மஞ்சள் கந்தக டைஆக்சைடு போன்ற அமில வாயுக்களுக்கும் உரியவை. வெள்ளையோ தூசி வடிகட்டியைக் குறிக்கும். பச்சை மட்டும் இரண்டிலும் அம்மோனியாதான். இரு முறைப்படி தயாரான கார்ட்ரிட்ஜ்களும் ஒரே கிடங்கில் இருந்தால், வெள்ளைப் பட்டையைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் எடுத்தவர் அமில வாயுவுக்குள் வெறும் தூசி வடிகட்டியோடு போய் நிற்க நேரும். நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படிக்கப் பழக்குங்கள். படிக்கத் தெரியாதவர் குழுவில் இருந்தால், இரண்டு கார்ட்ரிட்ஜ்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டி, எது தம் வேலைக்கு உரியது என்று எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

முகத்துக்குப் பொருந்துகிறதா என்ற சோதனை

பயிற்சியின் நடுநாயகம் இதுதான். நேரத்தில் பாதியை இதற்கு ஒதுக்கினாலும் தகும். ஒரே அளவுக் கவசம் எல்லா முகத்துக்கும் பொருந்தாது என்பதால், குறைந்தது இரண்டு மூன்று வடிவங்களிலும் அளவுகளிலும் கையிருப்பு வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

சுவையை வைத்துச் செய்யும் சோதனை செலவு குறைந்தது. யாருக்கும் எளிதில் புரிவது. பிட்ரெக்ஸ் என்னும் கடுங்கசப்புக் கரைசலையோ இனிக்கும் சாக்கரின் கரைசலையோ இதற்குப் பயன்படுத்துகிறார்கள். சோதனைக்கு முன் 15 நிமிடங்களுக்கு ஒன்றும் உண்ணவோ குடிக்கவோ புகைக்கவோ கூடாது. முதலில் கவசம் இல்லாமல், தலைக்கு மேல் ஒளிபுகும் மூடியைக் கவிழ்த்து, நீர்த்த கரைசலைச் சிறு பீச்சானால் உள்ளே தெளித்து, அவருக்குச் சுவை தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தப் படியைத் தாண்டிச் செல்லும் பயிற்சியாளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சுவையே தெரியாத ஒருவர் கவசம் அணிந்துகொண்டு 'ஒன்றும் தெரியவில்லை' என்று சொன்னால், அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு?

பிறகு வாயைக் கழுவிக்கொண்டு, கவசத்தை அணிந்து, சில நிமிடங்கள் அது முகத்தில் படியும்வரை காத்திருந்து, அடர்ந்த கரைசலைக் கொண்டு சோதிக்க வேண்டும். இயல்பாக மூச்சுவிடுதல், ஆழமாக மூச்சுவிடுதல், தலையை இடமும் வலமும் திருப்புதல், மேலும் கீழும் அசைத்தல், உரக்கப் பேசுதல், குனிந்து நிமிர்தல், மீண்டும் இயல்பாக மூச்சுவிடுதல் ஆகிய ஒவ்வொன்றையும் ஒரு நிமிடம் செய்ய வேண்டும். நின்ற நிலையில் கச்சிதமாகப் பொருந்தும் கவசம், குனிந்து மூட்டை தூக்கும்போதோ மேற்பார்வையாளருக்குப் பதில் சொல்லும்போதோ தாடைக்கடியில் திறந்துகொள்ளக்கூடும் என்பதாலேயே இத்தனை அசைவுகள். நடுவில் எங்கே கரைசலின் சுவை தெரிந்தாலும் சோதனையை நிறுத்தி, பட்டையைச் சரிசெய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். மறுபடியும் தெரிந்தால் வேறு அளவையோ வேறு வடிவத்தையோ எடுக்க வேண்டும்.

சோதனையில் தேறியவரை உடனே அனுப்பிவிடாதீர்கள். மூடிக்குள் இருக்கும்போதே, கீழ்ப்பட்டையை மட்டும் கழற்றிவிட்டு இரண்டு மூச்சு இழுக்கச் சொல்லுங்கள். நாக்கில் கசப்பு ஏறும், முகம் கோணும், வெளியே நிற்பவர்கள் சிரிப்பார்கள். ஒற்றைப் பட்டையில் கவசத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலை செய்யும் பழக்கத்தை மாற்ற இதைவிட வலுவான வழி எனக்குத் தெரியாது. எந்த அறிவிப்புப் பலகையும் செய்யாததை அந்தக் கசப்பு செய்துவிடுகிறது.

கருவியைக் கொண்டு அளக்கும் சோதனையில் வெளிக்காற்றிலும் கவசத்தின் உள்ளேயும் உள்ள துகள்களை எண்ணி ஒப்பிடுகிறார்கள். பாதிமுகக் கவசத்துக்குக் குறைந்தது 100, முழுமுகக் கவசத்துக்குக் குறைந்தது 500 என்ற விகிதம் வர வேண்டும். எந்த முறையைக் கையாண்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் செய்ய வேண்டும். உடல் எடை கணிசமாக மாறினாலோ, பல் கட்டினாலோ, முகத்தில் தழும்பு ஏற்பட்டாலோ ஆண்டு முடியும்வரை காத்திருக்கக் கூடாது.

தாடி விஷயத்தில் சமரசம் இல்லை. கவசத்தின் விளிம்பு தோலைத் தொடும் இடத்தில் முடி இருந்தால் சோதனையே செய்யக் கூடாது. இரண்டு நாள் முளைத்த முள்முடியும் இதில் அடங்கும். நான் ஒருமுறை பயண அலுப்பில் சவரம் செய்யாமல் வகுப்புக்குப் போய் இதே பாடத்தை எடுத்தபோது, பின்வரிசையிலிருந்து ஒருவர் தம் தாடையைத் தடவிக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். அன்று அணிந்து காட்டும் வேலையை அவரிடமே ஒப்படைக்க வேண்டியதாயிற்று. சமயக் காரணத்தால் தாடி வைத்திருப்பவரை வற்புறுத்தாமல், மின்கல விசிறியால் வடிகட்டிய காற்றை ஊதும் தளர்ந்த தலைமூடி வகையைக் கொடுக்கலாம். அது முகத்தோடு ஒட்டி நிற்பதை நம்பி இயங்குவதில்லை. மூக்குக்கண்ணாடி அணிபவர் அதை அணிந்தபடியே சோதனைக்கு வர வேண்டும். முழுமுகக் கவசமாக இருந்தால் கண்ணாடியின் காதுக்கம்பி விளிம்புக்கு அடியில் போகக் கூடாது. அதற்கு உள்ளே பொருத்தும் தனிச் சட்டம் தேவை.

அணியும் கை

ஒருமுறை அணியும் கவசத்தை மூக்குக் கம்பி விரல்நுனியில் வருமாறு உள்ளங்கையில் ஏந்தி, பட்டைகள் கீழே தொங்க, தாடையை முதலில் உள்ளே வைத்து முகத்தோடு சேர்க்க வேண்டும். மேல்பட்டை தலையின் பின்மேல் பகுதியிலும், கீழ்ப்பட்டை காதுக்குக் கீழே பிடரியிலும் அமர வேண்டும். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கிடக் கூடாது. பிறகு வருவது எல்லோரும் தவறும் இடம். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளினால் அது நடுவில் கூர்மையாக மடிந்து, மூக்கின் இரு பக்கமும் சிறு கூடாரம்போல் தூக்கி நிற்கும். இரண்டு கையின் விரல்களையும் நடுவில் வைத்து, மூக்கின் சரிவோடு வெளிப்புறமாக அழுத்திக்கொண்டே போனால்தான் கம்பி எலும்போடு படியும்.

கசிவைத் தாமே பார்த்துக்கொள்ளும் சோதனையை ஒவ்வொரு முறை அணியும்போதும் செய்ய வேண்டும். ரப்பர் கவசமாக இருந்தால் இரு கார்ட்ரிட்ஜ்களின் வாயையும் உள்ளங்கையால் மூடி மெதுவாக மூச்சை இழுத்து 10 விநாடி நிறுத்தினால், கவசம் சற்று உள்வாங்கி அப்படியே நிற்க வேண்டும். அது மெல்லத் தளர்ந்தால் எங்கோ கசிகிறது. அடுத்து, மூச்சு வெளியேறும் வால்வை மூடி மெல்ல ஊதினால் உள்ளே இலேசான அழுத்தம் தங்க வேண்டும். ஒருமுறை அணியும் கவசத்தில் இரு கைகளாலும் முழுப் பரப்பையும் மூடிக்கொண்டு ஊதிப் பார்க்கலாம். கண்ணிமையில் காற்று பட்டால் மூக்கருகே கசிவு, காதருகே குளிர்ந்தால் பட்டை தளர்வு. ஆண்டுச் சோதனையில் தேறிவிட்டோம் என்பதற்காக இதைத் தவிர்க்க முடியாது. அது எந்த அளவு பொருந்தும் என்று சொல்கிறது. இது இன்றைக்குச் சரியாக அணிந்திருக்கிறோமா என்று சொல்கிறது.

கழற்றிய நிமிடங்களின் கணக்கு

வியர்க்கிறது, பேச முடியவில்லை, ஒரு நிமிடம்தானே என்று கழற்றுவது இயல்பு. இதற்கு அறிவுரையைவிடக் கணக்கு நன்றாக வேலை செய்கிறது. கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள். அமெரிக்க விதிகளின்படி பாதிமுகக் கவசத்தின் பாதுகாப்புக் காரணி 10, முழுமுகக் கவசத்துக்கு 50. அதாவது உள்ளே வரும் மாசு முறையே பத்தில் ஒரு பங்காகவும் ஐம்பதில் ஒரு பங்காகவும் குறையும் என்று எதிர்பார்க்கலாம். எட்டு மணி நேர வேலையில் முழுமுகக் கவசத்தை மொத்தமாக 48 நிமிடங்கள், அதாவது பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும், மாசுள்ள இடத்திலேயே கழற்றி வைத்திருந்தால் அந்த நாளுக்குரிய உண்மையான பாதுகாப்பு 50 அன்று, ஏறத்தாழ எட்டரைதான். முழு நேரமும் கழற்றாமல் பாதிமுகக் கவசம் அணிந்திருந்த பக்கத்து ஆள் இவரைவிட நன்றாகக் காக்கப்பட்டிருக்கிறார். இந்தக் கணக்கைக் கேட்ட பிறகு, 'அப்படியானால் ஓய்வுக்கு எங்கே போய்க் கழற்றுவது?' என்ற கேள்வி தொழிலாளரிடமிருந்தே வரும். சுத்தமான காற்றுள்ள இடத்தைக் காட்டுவதும், அங்கே போய்வர நேரம் கொடுப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு.

எப்போது மாற்றுவது, எப்படிக் கழுவுவது

தூசி வடிகட்டி அடைத்துக்கொண்டால் மூச்சிழுப்பது கடினமாகும், அதுவே அறிகுறி. வாயுக் கார்ட்ரிட்ஜ் அப்படி எதையும் உணர்த்தாது. உள்ளிருக்கும் கரி நிறைந்ததும் வாயு அப்படியே கடந்து வந்துவிடும். வாடை வந்தால் மாற்றலாம் என்பது ஆபத்தான பாடம். சில வகைப் பெயின்ட்டுகளில் உள்ள ஐசோசயனேட்டுகளை வாடையால் உரிய நேரத்தில் அறிய முடியாது. அழுகிய முட்டை வாடையுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடோ பத்து லட்சத்தில் ஏறத்தாழ 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மோப்ப உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். எனவே எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரின் தகவல், காற்றிலுள்ள செறிவு, வெப்பம், ஈரப்பதம், உழைப்பின் கடுமை ஆகியவற்றைக் கொண்டு முன்கூட்டியே கணக்கிட்டு எழுதி வைக்க வேண்டும். உறையைப் பிரித்த தேதியையும் நேரத்தையும் கார்ட்ரிட்ஜின் மேலேயே அழியாத மையில் எழுதச் சொல்லுங்கள்.

ரப்பர் கவசத்தை வேலை முடிந்ததும் வடிகட்டிகளைக் கழற்றிவிட்டு, 43 பாகை செல்சியஸுக்கு மேற்படாத வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பால் கழுவ வேண்டும். பலர் மாறி மாறிப் பயன்படுத்துவதானால், ஒரு லிட்டர் நீருக்கு ஒரு மில்லிலிட்டர் சலவை பிளீச் கலந்த நீரில் இரண்டு நிமிடம் அமிழ்த்தி, பின் நன்றாக அலசி, நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும். ஆணியில் பட்டையால் மாட்டினால் ரப்பரின் உருவம் கெட்டுவிடும். வெயிலிலும் வைக்கக் கூடாது.

கழுவும்போது மூச்சு வெளியேறும் வால்வின் மூடியைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை எல்லோருக்கும் ஏற்படுத்துங்கள். உள்ளே நகத்தளவு மெல்லிய ரப்பர்த் தகடு இருக்கும். அதன் விளிம்புக்கு அடியில் ஒரு முடியோ, காய்ந்த பெயின்ட்டின் ஒரு செதிளோ சிக்கியிருந்தால் தகடு முழுதாகப் படியாது. வெளியே போகும் வழி உள்ளே வரும் வழியாகவும் ஆகிவிடும். வகுப்பில் ஒரு கவசத்தின் வால்வுக்கடியில் வேண்டுமென்றே ஒரு முடியை வைத்துவிட்டு, பழுது எங்கே என்று குழுவைத் தேடச் சொன்னால், அந்தத் தகட்டை யாரும் பிறகு மறக்கமாட்டார்கள்.

வேலையின் நடுவே தலை சுற்றினாலோ, வாடை அல்லது சுவை தெரிந்தாலோ, மூச்சு திணறினாலோ முதலில் வெளியேற வேண்டும். பிறகுதான் கழற்ற வேண்டும். இந்த வரிசையைச் சொல்லிக் கொடுத்தால் போதாது. இருந்த இடத்திலிருந்து வாசல்வரை நடந்து காட்டச் செய்ய வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து, முன்னறிவிப்பில்லாமல், வேலை மும்முரமாக இருக்கும் நேரத்தில் பணியிடத்துக்குப் போய்ப் பாருங்கள். எத்தனை பேர் அணிந்திருக்கிறார்கள் என்று எண்ணுவதைவிட, கீழ்ப்பட்டை பிடரியில் இருக்கிறதா, கார்ட்ரிட்ஜில் தேதி எழுதியிருக்கிறதா, மேற்பார்வையாளர் தாமே அணிந்திருக்கிறாரா என்று கவனியுங்கள். ஓய்வு இடத்தில் யாராவது ஒருவரிடம், 'நீங்கள் போடுவதை எனக்கு ஒருமுறை காட்டுங்கள்' என்று கேட்டு, அவர் தம் இரு கைகளையும் கார்ட்ரிட்ஜின் மேல் வைக்கிறாரா என்று பாருங்கள். வைக்கவில்லையென்றால், பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே உள்ள கையொப்பத்தை அடித்துவிட்டு, அந்தப் பாடத்தை அங்கேயே மறுபடி தொடங்குங்கள்.